சிறு காரின் டயர்: தேர்வும் பராமரிப்பும்

தம் காரின் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்ற வேண்டிய நாளை நினைவில் வைத்திருப்பவர் பலர். அதே காரின் டயர்களில் இன்று எவ்வளவு காற்று இருக்கிறது என்று வினவினால் விடை கூறக்கூடியவர் மிகச் சிலரே. ஆயினும் வண்டி சாலையைத் தொடுவது டயர்களின் மூலமாக மட்டுமே. எஞ்சினின் வலிமை, பிரேக்கின் திறன், ஓட்டுபவரின் கைப்பழக்கம் ஆகிய எல்லாம் இறுதியில் அந்நான்கு இடங்களில்தான் பயன்பட வேண்டும். அவ்விடங்களின் பரப்பு எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவர் டயரை மீண்டும் அலட்சியம் செய்யார்.

இக்கணக்கைப் பள்ளியின் முற்றத்திலேயே செய்து காட்டலாம். சமதளமான சிமெண்டுத் தரையில் காரை நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்துவிட்டு, ஒரு சக்கரத்தின் நான்கு புறத்திலிருந்தும் தடித்த அட்டைத் துண்டுகளை டயரின் அடியில் நுழையும் மட்டும் தள்ள வேண்டும். அட்டைகளின் விளிம்புகளுக்கு நடுவே எஞ்சும் இடமே டயர் தரையில் பதிந்துள்ள பரப்பாகும். நான்கு பேர் அமர்ந்த ஒரு சிறு காரின் எடை ஏறக்குறைய 1,000 கிலோகிராம். ஒரு சக்கரத்தின் பங்கு சராசரியாக 250 கிலோகிராம். டயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோகிராம். 250-ஐ 2.1-ஆல் வகுத்தால் 119 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். இது பக்கத்திற்குப் பதினோரு சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம். பெரியவர் ஒருவரின் உள்ளங்கையைவிட அதிகம் பெரியதன்று. எஞ்சின் முன்புறம் இருப்பதால் முன்சக்கரங்களின் பரப்பு சற்றுக் கூடுதலாகவும் பின்சக்கரங்களின் பரப்பு குறைவாகவும் இருக்கும். டயரின் விறைப்பும் எடையில் ஒரு சிறு பகுதியைத் தாங்குவதால் அளந்த பரப்பும் கணக்கிட்ட பரப்பும் முற்றிலும் ஒத்துவாரா. அவ்வேறுபாட்டின் காரணத்தை மாணவர்களையே கூறச் செய்வது நல்ல பயிற்சி.

சுமையைத் தாங்குவது டயரின் ரப்பர் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. மேற்கூறிய வகுத்தலே இக்கருத்தை மறுத்துவிடுகிறது. சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்டுள்ள காற்று. ரப்பரும் அதனுள் புதைந்த இழைகளும் அக்காற்றை அடைத்து வைத்திருக்கும் கலம் மட்டுமே. ஆதலின் டயர் பராமரிப்பு என்பதில் முக்கால் பங்கு காற்றின் பராமரிப்பே எனலாம்.

கண்ணின் தவறு

பழைய ஓட்டுநர்கள் டயரைப் பார்த்த மாத்திரத்தில் காற்றின் அளவைக் கூறிவிடுவர். அல்லது காலால் ஓர் உதை கொடுத்துத் தீர்மானிப்பர். அவர்கள் பழகிய காலத்தில் இம்முறைக்கு ஓரளவு நியாயம் இருந்தது. அம்பாசிடர், பியட் முதலிய கார்களில் நெடுங்காலம் பொருத்தப்பட்டவை குறுக்கிழை டயர்கள். அவற்றின் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகக் குறுக்கிட்டு அமைந்திருந்தன. பக்கச் சுவர் தடித்து விறைப்பாக இருந்தது. அது அடியில் பிதுங்கினால் காற்று குறைந்துவிட்டது என்பது வெளிப்படை.

பிரான்சு நாட்டின் மிஷலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரின் அமைப்பு வேறு. இதில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பிற்கு நேராகச் செல்கின்றன. சாலையைத் தொடும் பகுதிக்குக் கீழே எஃகுக் கம்பிகளாலான வார் ஒன்று டயரைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது. பக்கச் சுவர் மெலிந்து நெகிழ்வுடன் இருப்பதால், சரியான அழுத்தம் இருக்கும்போதும் அடிப்பகுதி சற்றுப் பிதுங்கியே தோன்றும். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-க்குப் பின்னர் வந்த சிறு கார்களில் ரேடியல் டயர்களே வழக்கமாகிவிட்டன. ஆனால் கண்ணும் காலும் பழைய பழக்கத்தை விடவில்லை. 30 பவுண்டு உள்ள ரேடியல் டயரையும் 22 பவுண்டு உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலன்றி வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுவது அரிது. எனவே சில நூறு ரூபாய் விலையுள்ள ஓர் அழுத்தமானி காரின் அறையில் எப்பொழுதும் இருக்க வேண்டும். பெட்ரோல் பங்கிலுள்ள மானியைப் பலர் பலவாறு கையாளுவதால் அதன் அளவை அப்படியே நம்புவதற்கில்லை. சொந்த மானியும் ஓரிரு பவுண்டு பிழைபடலாம். எனினும் ஒரே மானியால் தொடர்ந்து அளந்து குறித்துவந்தால் எந்த டயரில் காற்று இறங்குகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் காரைச் செய்த நிறுவனம் நிர்ணயித்து, பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவின் தூணில் ஒட்டிய ஒரு சீட்டில் அச்சிட்டிருக்கும். பயணிகளும் மூட்டைகளும் நிறைந்த நிலைக்குத் தனி எண் கொடுக்கப்பட்டிருந்தால் அதனையும் நோக்க வேண்டும். சில டயர்களின் பக்கச் சுவரில் 44 பவுண்டு எனப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அது அந்த டயர் ஏற்கத்தக்க உச்ச அளவு; அதை நிரப்ப வேண்டிய அளவாகக் கொள்ளலாகாது.

மலை நகரமும் கடற்கரை நகரமும்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் காரில் சென்னைக்கும் வேலூருக்கும் சேலத்திற்கும் அடிக்கடி சென்று வருகின்றன. உயரம் மாறும்போது டயரின் அழுத்தம் மாறாதா என்ற ஐயம் பலருக்கு உண்டு. இதற்கு விடை காண்பது பௌதிக வகுப்பிற்கு ஏற்ற ஒரு கணக்கு.

அழுத்தமானி காட்டுவது டயரின் உள்ளேயுள்ள முழு அழுத்தத்தை அன்று. வெளிக் காற்றின் அழுத்தத்தை விட உள்ளே மிகுந்திருப்பதை மட்டுமே. சென்னையில் வளிமண்டல அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 14.7 பவுண்டு. அங்கே மானி 30 காட்டினால் உள்ளே இருப்பது 44.7 பவுண்டு. பெங்களூரில் வளிமண்டல அழுத்தம் 13.2 பவுண்டு அளவே உள்ளது. உள்ளிருக்கும் அழுத்தம் மாறாதிருந்தால் மானி இங்கே 31.5 காட்ட வேண்டும். ஆனால் உஷ்ணநிலையும் மாறுகிறது. சென்னையில் 35 டிகிரி சென்டிகிரேடாக இருந்த டயர் பெங்களூரில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், தனி உஷ்ணநிலை 308-லிருந்து 298 ஆகிறது. அந்த விகிதத்தில் உள்ளழுத்தம் 44.7-லிருந்து 43.2 பவுண்டாகக் குறையும். அதிலிருந்து 13.2-ஐக் கழித்தால் மிஞ்சுவது மீண்டும் 30! உயரம் கூட்டியதை உஷ்ணநிலை ஏறக்குறைய முழுவதும் கழித்துவிடுகிறது. இயற்கை இவ்வளவு ஒழுங்காகக் கணக்குத் தீர்ப்பது எப்பொழுதும் நிகழ்வதன்று. டிசம்பர் இரவில் ஊர் திரும்புபவருக்கு விடை ஓரிரு பவுண்டு வேறுபடும். ஆயினும் மேட்டுநிலப் பயணத்தை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை என்பது தெளிவு.

அஞ்ச வேண்டியது வேறொன்று. பழுதே இல்லாத டயரிலும் காற்று ரப்பரின் ஊடே மெல்லக் கசிந்து மாதத்திற்கு ஒன்று அல்லது இரண்டு பவுண்டு இறங்குகிறது. வால்வின் மூடி தொலைந்து தூசி புகுந்திருந்தால் இன்னும் விரைவாக இறங்கும். நான்கு மாதம் மானியைத் தொடாதவரின் டயர் எவ்வித ஆணியும் தைக்காமலே 30-லிருந்து 24-க்கு வந்திருக்கக்கூடும்.

டயர் ஏன் வெடிக்கிறது?

பெங்களூரு நகருக்குள் கார் பெரும்பாலும் ஊர்ந்தே செல்கிறது. அங்கே காற்று குறைந்த டயர் பெட்ரோலைச் சிறிது அதிகமாகக் குடிக்கும், ஓரங்கள் தேயும், வேறு துன்பம் உடனே தோன்றாது. குறை வெளிப்படுவது நகரைத் தாண்டிய பின்னரே. பத்து வழிகளாக விரிவாக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலை 2023 மார்ச் 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. இதன் நீளம் சுமார் 119 கிலோமீட்டர். பிடதி, ராமநகரம், மத்தூர், மண்டியா ஆகிய ஊர்களின் நெரிசலில் முன்பு நின்று நின்று சென்ற கார்கள் இப்பொழுது ஒரே வேகத்தில் இடைவிடாமல் ஓடுகின்றன. முதற் சில மாதங்களிலேயே பல விபத்துகள் நேர்ந்தன. வேகத்தை அளக்கும் கருவிகள் வைக்கப்பட்டன; 2023 ஆகஸ்டு முதல் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகள் முதன்மை வழிகளிலிருந்து விலக்கப்பட்டன. விபத்துகளுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் டயரைப் பொறுத்த காரணத்தைத் தனியே ஆராய்வது பயனுடையது. ஏனெனில் அதைப் போக்குவது முற்றிலும் ஓட்டுபவரின் கையில் உள்ளது.

பன்னிரண்டு அங்குல ரிம் கொண்ட ஒரு சிறு காரின் டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 600 முறை சுழல்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்திற்கு 1,000 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொடும்போது தட்டையாகி, விட்டு விலகும்போது மீண்டும் வளைகிறது. ஒரு கம்பியை இப்புறமும் அப்புறமும் பலமுறை மடக்கினால் மடக்கிய இடம் சுடுவது யாவரும் அறிந்ததே. ரப்பருக்கும் அவ்வியல்பு உண்டு. வளைக்கச் செலவிட்ட சக்தி முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி உஷ்ணமாகிறது. காற்று சரியாக இருந்தால் வளைவு சிறிது. உண்டாகும் உஷ்ணத்தை வெளிக் காற்று எடுத்துச் சென்றுவிடும். காற்று குறைந்தால் வளைவு பெரிதாகும். ஒரு கட்டத்தில் தரையை விட்டு நீங்கிய பகுதி தன் பழைய வடிவை அடைவதற்குள் மீண்டும் தரைக்கு வந்துவிடும். அப்போது டயரின் மேற்பரப்பில் நிலை அலைகள் தோன்றி, உஷ்ணம் மிக விரைவாக ஏறுகிறது. ரப்பருக்கும் எஃகு வாருக்கும் இடையேயுள்ள பிணைப்பு தளர்கிறது. முடிவில் மேல்பகுதி உரிந்தோ பக்கச் சுவர் கிழிந்தோ காற்று ஒரே கணத்தில் வெளியேறுகிறது. இதைத்தான் ‘டயர் வெடித்தது’ என்கிறோம்.

எனவே வெடிப்பிற்கு வழக்கமான காரணம் காற்றின் மிகுதியன்று, குறைவே. பொதுவில் நிலவும் நம்பிக்கையோ இதற்கு நேர்மாறானது. ‘வெயிற் காலம், காற்றைக் கொஞ்சம் குறைத்தே வை’ என்று பஞ்சர் கடையில் அறிவுரை கூறப்படுகிறது. நகரைக் கடந்து கெங்கேரிக்கு அப்பால் நெடுஞ்சாலையில் ஏறுமுன் சிலர் டயரை அளந்து, மானி 34 காட்டுவதைக் கண்டு திடுக்கிட்டு, நான்கு பவுண்டு காற்றை வெளியேற்றிவிட்டுப் புறப்படுகின்றனர். இச்செயலின் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

காலையில் 25 டிகிரியில் அந்த டயர் மிகச் சரியாக 30 பவுண்டு கொண்டிருந்தது, உள்ளழுத்தம் 43.2. நகரப் போக்குவரத்தில் ஓடியதால் அது 55 டிகிரிக்குச் சூடேறியது, உள்ளழுத்தம் 47.5 ஆகவே, மானி 34-க்குச் சற்று மேல் காட்டியது. இந்த ஏற்றத்தை எதிர்பார்த்தே 30 என்ற எண் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. இப்பொழுது சூடான நிலையில் 30-க்கு இறக்கப்பட்ட டயர் மறுநாள் காலை குளிர்ந்தபின் 26 காட்டும். அதாவது, சரியாக இருந்த டயரை ஓட்டுபவரே காற்றுக் குறைந்த டயராக ஆக்கிவிட்டார். அதிக வேகமும் அதிகச் சுமையும் வரவிருக்கும் வேளையில் இதைச் செய்துவிட்டார் என்பதே வருந்தத்தக்கது. விழாக் காலத்தில் ஊருக்குச் செல்லும் கார்களைக் கவனித்தால், ஐந்து பேரும் அரிசி மூட்டையும் ஏறிய வண்டிகளே இக்கதிக்கு உள்ளாவதைக் காணலாம்.

விதி எளிது. அளப்பது டயர் குளிர்ந்திருக்கும்போது; அதாவது மூன்று மணி நேரமாவது நின்ற பின், அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் உள்ள பங்கிற்கு மெதுவாகச் சென்று. சூடான டயரிலிருந்து காற்றை இறக்கலாகாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறையும், நீண்ட பயணத்திற்கு முன்னும் அளந்தால் போதும்.

நைட்ரஜன் வாயுவை நிரப்பினால் இத்தொல்லை இல்லை என்று விற்பனையாளர் கூறுவதுண்டு. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். நைட்ரஜனில் ஈரம் இல்லை, கசிவும் சிறிது குறைவு என்பது உண்மை. ஆனால் உஷ்ணத்தால் அழுத்தம் கூடும் விதி எல்லா வாயுக்களுக்கும் பொது. பணம் கொடுத்து நைட்ரஜன் நிரப்பிவிட்டு ஆறு மாதம் அளவாதவரைவிட, இலவசக் காற்றை மாதம் இருமுறை அளப்பவரின் டயரே நலமாக இருக்கும்.

மழையும் பட்டனும்

பெங்களூரில் ஏப்ரல், மே மாத மாலைகளில் இடியுடன் மழை பெய்கிறது. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பெருமழை. டயரின் மேலுள்ள வரிப்பள்ளங்களும் மேடுகளும் இக்காலத்திற்கென்றே ஏற்பட்டவை. தொழிலாளர் இவற்றைப் ‘பட்டன்’ என்று வழங்குவர். காய்ந்த சாலையில் பட்டன் இல்லாத மொட்டை டயரும் நன்றாகவே பற்றிக்கொள்ளும். இதனாலேயே அதன் அபாயம் மழை வரும்வரை தெரிவதில்லை. சாலையில் தேங்கிய நீர் பள்ளங்களின் வழியே வெளியேற இடமில்லாவிடில், டயருக்கும் சாலைக்கும் இடையே ஆப்பு போல நுழைந்து வண்டியைத் தூக்கிவிடும். அப்போது ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் பயனில்லை.

அமெரிக்காவின் நாசா விமானச் சக்கரங்களைக் கொண்டு செய்த சோதனைகளின் முடிவை 1963-இல் வெளியிட்டது. நீர் ஆழமாக இருந்து, பள்ளங்கள் அதை வெளியேற்ற இயலாதபோது, டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அதன் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது அதில் கண்டது. அழுத்தத்தைப் பவுண்டிலும் வேகத்தைக் கிலோமீட்டரிலும் கொண்டால், வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்க வேண்டும். 30 பவுண்டுக்கு விடை மணிக்கு 91 கிலோமீட்டர். 20 பவுண்டுக்கு 75 கிலோமீட்டர். கார் டயரின் வடிவமும் அகலமும் வேறாதலால் இவற்றை வழிகாட்டியாக மட்டுமே கொள்ள வேண்டும். ஆயினும் காற்று குறைந்த மொட்டை டயருக்கு மழையில் எவ்வளவு குறைந்த வேகமே பாதுகாப்பானது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்கு 1.6 மில்லிமீட்டர் ஆழத்தைக் குறைந்தபட்சமாகக் கொள்கின்றன. பள்ளங்களின் அடியில் இந்த உயரத்திற்குச் சிறு ரப்பர்ப் பாலங்கள் அமைக்கப்பட்டுள்ளன. பட்டன் தேய்ந்து அப்பாலத்தோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. புதிய டயரில் ஆழம் ஏறத்தாழ 7 அல்லது 8 மில்லிமீட்டர் இருக்கும். அது 3 மில்லிமீட்டராகக் குறைந்தவுடன், மழைக்காலத்திற்கு முன்பே மாற்றிவிடுவது விவேகம். சட்டம் சொல்லும் அளவு எல்லைக் கோடு. அதன்மேல் நின்றுகொண்டு அக்டோபர் மழையை எதிர்கொள்ள வேண்டியதில்லை.

தேய்ந்த விதத்தைப் பார்த்து நோயைக் கண்டறியலாம். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நிற்குமாயின் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகை. ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரங்களின் கோணம் பிசகியுள்ளது. வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். திட்டுத்திட்டாகத் தேய்ந்தால் பாலன்சிங் குறையோ, ஷாக் அப்சார்பர் பழுதோ உண்டு. பெங்களூரின் வேகத்தடைகளும் குழிகளும் அலைன்மென்டை அடிக்கடி குலைப்பவை. முன்சக்கரங்களே வண்டியை இழுத்து, திருப்பி, பெரும்பான்மை பிரேக் வேலையையும் செய்வதால் விரைவில் தேயும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னதாக மாற்றினால் நான்கும் ஒருசேரப் பயன் தரும். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்சக்கரங்களில் பூட்டுவதே பாதுகாப்பு. முன்சக்கரம் வழுக்கினால் ஓட்டுபவர் அதை உணர்ந்து வேகத்தைக் குறைக்க இயலும். பின்புறம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.

ஆணியும் குழியும்

பத்தாண்டுகளுக்கு முன் பெங்களூரின் வெளிவட்டச் சாலையில் நாள்தோறும் பஞ்சர் கண்ட ஒரு மென்பொருள் பொறியாளர், கோலில் காந்தத்தைக் கட்டிக்கொண்டு தாம் செல்லும் வழியிலுள்ள ஆணிகளைப் பொறுக்கத் தொடங்கினார். கிலோகிராம் கணக்கில் ஆணிகள் சேர்ந்தன. செய்தித்தாள்கள் அதை வெளியிட்டன. ஆணிகளைத் தூவியவர் யாராயினும், டியூப் இல்லாத டயரின் ஒரு நன்மையை அந்நிகழ்ச்சி நினைவூட்டுகிறது. டியூப் உள்ள டயரில் ஆணி தைத்தால் காற்று சட்டென வெளியேறும். டியூப்லெஸ் டயரில் ஆணியே ஓட்டையை ஓரளவு அடைத்து நிற்க, காற்று மெல்ல இறங்கும். இந்த நன்மையே தீமையாகவும் முடியும்: ஆணியுடன் பல நாள் ஓடுபவர் உண்டு. ஒரு டயர் மட்டும் வாரந்தோறும் காற்றுக் கேட்டால் ஆணி இருப்பதாகவே கொண்டு தேட வேண்டும். சாலையைத் தொடும் பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஓட்டையைச் சீர்செய்யலாம். டயரைக் கழற்றி உட்புறமிருந்து காளான் வடிவத் தண்டுடன் ஒட்டுவது நிலையான முறை. வெளியிலிருந்து திணிக்கும் திரி அவசரத்திற்கு உரியது. பக்கச் சுவரில் எந்த ஓட்டையையும் ஒட்டலாகாது.

குழியில் விழுந்து எழுந்த டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் போல் ஒரு வீக்கம் தோன்றினால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அதற்கு மருந்தில்லை, எவ்வளவு புதிய டயராயினும் அன்றே மாற்ற வேண்டும்.

வாங்கும் போது

மோட்டார் உதிரிப்பாகக் கடைகள் நெருங்கிய ஜே.சி. ரோடு போன்ற இடத்தில் டயர் வாங்கப் புகுபவருக்கு நிறுவனங்களின் பெயர்களே முதலில் காதில் விழும். பக்கச் சுவரைப் படிக்கத் தெரிந்தவர் மயங்க வேண்டியதில்லை. ஆல்ட்டோ 800 போன்ற காருக்குரிய ‘145/80 ஆர் 12 74 டி’ என்பதை எடுத்துக்கொள்வோம். டயரின் அகலம் 145 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதம், அதாவது 116 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். 12 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 74 என்பது 375 கிலோகிராம் சுமை. டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வேக எல்லை. சுமை எண் உரிய காற்றழுத்தத்தில் மட்டுமே செல்லும்; காற்று குறைந்த டயருக்கு 375 கிலோகிராம் தாங்கும் தகுதி இல்லை. மாற்று டயரின் சுமை எண்ணும் வேகக் குறியும் பழையதற்குக் குறையலாகாது. 2009-இல் மத்திய அரசு பிறப்பித்த தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி கார் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும், அதற்குரிய தர எண் ஐ.எஸ். 15633.

பெரிய டயர் போட்டால் கார் கம்பீரமாக இருக்கும் என்ற ஆசை இளைஞரிடையே பரவியுள்ளது. மேற்கூறிய டயரின் விட்டம் 305-உம் 232-உம் சேர்ந்து 537 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 155/80 ஆர் 13 பூட்டினால் விட்டம் 578 மில்லிமீட்டர். ஏறக்குறைய எட்டு சதவீதம் மிகுதி. வேகமானி 80 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 86 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். திருப்பும்போது டயர் வண்டியின் உட்புறத்தில் உராயவும் கூடும்.

நான்கு இலக்கத் தேதிக் குறியை அவசியம் பார்க்க வேண்டும். 3622 எனில் 2022-ஆம் ஆண்டின் 36-வது வாரத்தில் செய்யப்பட்டது. ரப்பர் ஓடாமலே முதுமை அடையும். ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் அதைக் கெட்டியாக்கி வெடிப்புகளை உண்டாக்குகின்றன. 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கில் பல கார்கள் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்று, டயர்கள் காற்றிறங்கித் தட்டையானது நினைவிருக்கும். சனி, ஞாயிறு மட்டும் ஓடும் காரில் பட்டன் நிறைய இருந்தும் ரப்பர் கிழடாகிவிடும். ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிப்பதும், பத்து ஆண்டானால் தோற்றம் எப்படியிருப்பினும் கழிப்பதும் முறை. தேய்ந்த டயரில் பள்ளங்களை மீண்டும் வெட்டிப் பட்டன் உள்ளதுபோல் காட்டி மலிவாக விற்பதும் உண்டு. அவ்வெட்டு எஃகு வாரின்மேல் மிஞ்சியிருந்த சிறிதளவு ரப்பரையும் எடுத்துவிடுகிறது. பள்ளத்தின் அடியில் ரப்பர்ப் பாலங்கள் காணப்படாவிடில் அந்த டயரை வாங்கலாகாது.

உபரிச் சக்கரத்திற்கு நம்மவர் வழங்கும் ஸ்டெப்னி என்ற பெயர், வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரிலுள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904-இல் உபரிச் சக்கரம் அங்கேதான் விற்பனைக்கு உருவாயிற்று. அந்நாட்டில் பெரும்பாலும் மறைந்த அப்பெயர் இந்தியப் பட்டறைகளில் இன்றும் வாழ்கிறது. டியூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டும் கருவியும் காற்றழுத்த எச்சரிக்கை அமைப்பும் உள்ள சிறு வண்டிகளுக்கு உபரிச் சக்கரம் கட்டாயமில்லை என 2020-இல் விதி திருத்தப்பட்டது. இருக்கும் கார்களில் அதுவே அதிகம் மறக்கப்படும் டயர். மற்ற நான்கையும் அளக்கும் நாளில் அதையும் அளந்து, இரண்டு பவுண்டு கூடுதலாகவே வைத்திருக்கலாம்.

கழித்த டயரின் செய்தி களப் பணியாளர்க்கு உரியது. வீட்டின் பின்புறமும் பள்ளி மைதானத்திலும் எறியப்பட்ட டயரில் மழைநீர் தேங்குகிறது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் கொசு முட்டையிட அந்த இருண்ட குழிவைப் பெரிதும் நாடும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதம் உயிருடன் இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். டயர் வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைத்துவிட வேண்டும். குழந்தைகள் விளையாட வைத்திருக்கும் டயராயின், அடிப்புறம் மூன்று நான்கு பெரிய துளைகள் இட்டு, நீர் தங்காதபடி செய்துவிட வேண்டும்.